தாடைத் திருத்த அறுவை சிகிச்சை யாருக்குத் தேவை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பகுதிகளிலிருந்து தாடை அமைப்பில் குறை என்று வருகிறவர்களும், அவர்களுடைய வீட்டாரும், அவர்களை அனுப்பிவைக்கும் பல் மருத்துவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறோம். அறுவை சிகிச்சை எப்படிச் செய்யப்படுகிறது என்பதை இங்கே விரிவாகச் சொல்லவில்லை. அது ஒருவருக்கு உண்மையிலேயே தேவையா என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பதே இந்தப் பக்கத்தின் பொருள்.

செயல்பாட்டுத் தேவை என்று எதைச் சொல்கிறீர்கள்?

தாடையும் பற்களும் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. முன்பல்லால் கடித்துத் துண்டாக்குவது, கடைவாயில் அரைப்பது, உதடுகளைச் சிரமமின்றி மூடுவது, தூங்கும்போது நாக்குக்குப் பின்னால் மூச்சுப்பாதை அடையாமல் தாங்கிப் பிடிப்பது, ஒரு பல் இன்னொரு பல்லையோ ஈறையோ அண்ணத்தையோ புண்ணாக்காமல் பொருந்தி மூடுவது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. எலும்பின் அமைப்பினால் இவற்றுள் ஒன்றோ பலவோ தடைப்பட்டு, அந்தத் தடையைக் கிளிப் போட்டு மட்டும் சரிசெய்ய இயலாது என்ற நிலை இருந்தால், அதையே செயல்பாட்டுத் தேவை என்கிறோம். பக்கவாட்டில் எடுத்த புகைப்படத்தில் முகம் எப்படித் தெரிகிறது என்பது இதிலிருந்து வேறான கேள்வி. அந்தக் கேள்வியும் மதிக்கத்தக்கதுதான், அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

எத்துப்பல்லுக்குக் கிளிப் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே, பிறகு எதற்கு அறுவை சிகிச்சை?

பெரும்பாலோருக்குக் கிளிப்பே போதும். பல் மட்டும் இடம் மாறியிருந்தால் கம்பியின் இழுவிசையால் அதை நகர்த்திவிடலாம். பல்லைத் தாங்கும் எலும்பே முன்னாலோ பின்னாலோ பக்கவாட்டிலோ விலகியிருந்தால், பற்களை மட்டும் சாய்த்து அந்த இடைவெளியை மறைக்க ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டி இழுத்தால் வேர் எலும்பை விட்டு வெளியே தள்ளும், ஈறு இறங்கும், சில ஆண்டுகளில் பல் பழைய இடத்துக்கே திரும்பவும் கூடும். ஆகவே மதிப்பீட்டின் முதல் படி, குறை பல்லில் உள்ளதா எலும்பில் உள்ளதா என்று பிரித்தறிவதுதான். பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரேயில் மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் உள்ள கோண வேறுபாட்டை அளந்து பார்த்தால் இது பெரும்பாலும் தெளிவாகிவிடும். இயல்பான தாடை அமைப்பு உள்ளவர்களுக்கு அந்த வேறுபாடு சராசரியாக 2 பாகை அளவில் இருக்கும்.

தேவையை அளக்க ஏதாவது அளவுகோல் இருக்கிறதா?

இருக்கிறது. பிரிட்டனின் பல் சீரமைப்பு மருத்துவர்களும் தாடை அறுவை மருத்துவர்களும் சேர்ந்து வகுத்து 2014-இல் வெளியிட்ட ஐ.ஓ.எஃப்.டி.என். என்னும் குறியீடு அது. அதற்கு முன்பு, 1989-இல் வெளிவந்த ஐ.ஓ.டி.என். என்ற குறியீட்டையே பலரும் பயன்படுத்தினார்கள். அது கிளிப் சிகிச்சைக்காக வகுக்கப்பட்டது. ஈறு அதிகம் தெரிவது, முகம் ஒரு பக்கமாகக் கோணியிருப்பது, தூக்கத்தில் மூச்சு அடைபடுவது போன்றவற்றுக்கு அதில் இடமே இல்லை. புதிய குறியீடு, எலும்புக் குறையினால் கிளிப் மட்டும் போதாது என்று உறுதியானவர்களுக்கும், பெரும்பாலும் முக வளர்ச்சி முடிந்தவர்களுக்குமே பொருந்தும்.

அதில் ஐந்து படிகள் உள்ளன. ஐந்தாம் படி மிக அதிகத் தேவை, முதற்படி தேவையின்மை. உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு முதலிய பிறவிக் குறைபாடுகள், மேல் முன்பல் கீழ்ப் பல்லைவிட 9 மி.மீ.க்கு மேல் முன்னால் நிற்பது, கீழ்ப் பல் மேற்பல்லுக்கு முன்னால் 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் வந்திருப்பது, கடைவாய்ப் பல் சேரும்போதும் முன்னால் 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் திறந்தே இருப்பது, ஒரு பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் முழுவதும் ஒன்றையொன்று தாண்டி மூடி அதனால் பாதிப்பும் தெரிவது, மற்றச் சிகிச்சைகளுக்குக் கட்டுப்படாத தூக்க மூச்சடைப்பு, விபத்தினாலோ நோயினாலோ தாடை உருமாறிக் கடிப்புக் குலைந்திருப்பது ஆகியவை ஐந்தாம் படியில் வருகின்றன.

நான்காம் படியைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். கீழ்ப் பல் முன்னால் வந்திருப்பது 3 மி.மீ.க்குக் குறைவு, அல்லது முன் திறப்பு 4 மி.மீ.க்குக் குறைவு என்றால், செயல்பாட்டுச் சிரமம் இருந்தால் நான்காம் படி, இல்லாவிட்டால் மூன்றாம் படி. ஒரே மில்லிமீட்டர் அளவுள்ள இருவர் வெவ்வேறு படிகளில் நிற்பார்கள் என்பது இதன் பொருள். முகம் கோணியிருப்பதும் இப்படித்தான்: கடிப்பும் சேர்ந்து குலைந்திருந்தால் நான்கு, குலையாவிட்டால் மூன்று. ஸ்கேலை வைத்து அளப்பது ஒரு நிமிட வேலை, எஞ்சிய நேரமெல்லாம் சிரமம் உண்டா என்று விசாரிப்பதிலேயே போகிறது என்பதை வருகிறவர்கள் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

அந்த மில்லிமீட்டரை எப்படி அளக்கிறீர்கள்? ஒவ்வொரு மருத்துவரும் ஒவ்வோர் அளவு சொல்கிறாரே?

மேல் முன்பற்களுள் மிகவும் முன்னால் நிற்கும் பல்லின் வெளிப்புறத்திலிருந்து கீழ் முன்பல்லின் வெளிப்புறம் வரை, பற்கள் கடிக்கும் தளத்துக்கு இணையாகச் சிறிய ஸ்கேலைப் பிடித்து அளக்கிறோம். அளவு மாறுபடுவதற்குப் பெரும்பாலும் ஸ்கேல் காரணமாக இருப்பதில்லை. கீழ்த்தாடை சிறுத்தவர்கள் பலர், ஆள் முன்னால் உட்கார்ந்தவுடன் அறியாமலேயே தாடையை முன்னால் நீட்டிக் கொள்கிறார்கள். பள்ளிக் காலத்தில் கேலிக்கு அஞ்சிப் பழகிய பழக்கம் அது. அந்த நிலையில் அளந்தால் 10 மி.மீ. உள்ளவருக்கு 6 மி.மீ. என்று வரும். எனவே நாக்கின் நுனியை அண்ணத்தின் பின்பக்கம் தொடச் சொல்லி, தாடையைத் தளர்த்தி, கடைவாய்ப் பற்கள் முதலில் எங்கே தொடுகின்றன என்று பார்த்துவிட்டு அளக்கிறோம். இதற்கு நேர்மாறாக, கீழ்ப் பல் முன்னால் வந்திருப்பவர்களுள் சிலர், முன்பற்கள் நுனியோடு நுனி இடிப்பதால் தாடையை வழுக்கி முன்னால் தள்ளி மூடுகிறார்கள். அவர்களுடைய எலும்புக் குறை பார்வைக்குத் தெரிவதைவிடக் குறைவு, சிலருக்கு அறுவை சிகிச்சையே வேண்டியிராது.

சாப்பிடுவதில் உள்ள சிரமத்தை எப்படி விசாரிக்கிறீர்கள்?

"சாப்பிட முடிகிறதா?" என்று கேட்டால் அநேகமாக எல்லாரும் முடிகிறது என்பார்கள். சிறு வயதிலிருந்தே அப்படிச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அது சிரமமாகத் தோன்றுவதில்லை. எனவே குறிப்பிட்ட பொருள்களைச் சொல்லிக் கேட்கிறோம். கொய்யாக்காயை அப்படியே கடிப்பீர்களா, கத்தியால் அறுத்துத் தின்பீர்களா? முறுக்கை முன்பல்லால் உடைப்பீர்களா, கையால் ஒடித்துக் கடைவாயில் போடுவீர்களா? தை மாதத்தில் அவித்த பனங்கிழங்கைப் பிளந்து நாரை எப்படி இழுக்கிறீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வி எங்கள் ஊர்ப் பக்கத்தில் மிகவும் பயன்படுகிறது. முன்பற்கள் ஒன்றோடொன்று சேராதவரால் கிழங்கின் நாரை முன்பல்லில் பற்றி இழுக்கவே முடியாது. நாரைக் கையால் உரித்துவிட்டுக் கிழங்கைக் கடைவாய்க்குள் ஒதுக்கித்தான் மெல்லுவார், வீட்டாரும் அதைப் பார்த்திருப்பார்கள். பரோட்டாவைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. நெல்லையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றி, ஊறவைத்துத் தின்னாதவர் யார்?

விசாரித்த பிறகு வாயினுள் அதற்குரிய அடையாளத்தைத் தேடுகிறோம். மடித்த மெல்லிய வண்ணத்தாளைப் பற்களுக்கிடையே வைத்துக் கடிக்கச் சொன்னால், எத்தனை பற்கள் தொடுகின்றன என்று தெரியும். கடைசி இரண்டு பற்கள் மட்டும் தொட்டு மற்றவையெல்லாம் வெளுத்தே இருந்தால், அந்தப் பற்களின் மேற்பரப்பு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். கீழ் முன்பற்கள் அண்ணத்தில் குத்துகிறவர்களுக்கு, மேல் முன்பல்லுக்குப் பின்னால் ஈறில் பற்களின் தடம் பதிந்திருக்கும். இப்படிப்பட்ட காயம் இருந்தால் ஆழமான கடிப்பு நான்காம் படி, காயம் இல்லையென்றால் இரண்டாம் படிதான்.

பேச்சு தெளிவாக இல்லை. அதற்காகத் தாடை அறுவை செய்யலாமா?

பேச்சுக் குறை மட்டும் இருந்தால் குறியீட்டின்படி அது முதற்படி, அதாவது அறுவைக்குத் தேவையின்மை. பலருக்கு இது வருத்தம் தரும் விடை. தாடையை நகர்த்தினால் உச்சரிப்பு திருந்தும் என்று யாரும் உறுதியளிக்க முடியாது. நாக்கும் உதடும் பழகிவிட்ட அசைவுகள் எலும்பு மாறினாலும் தொடரக்கூடும் என்பதே இதற்குக் காரணம். இருந்தாலும் பேச்சைக் கவனித்துக் குறித்துக்கொள்கிறோம். மேற்பல் மிகவும் முன்னால் நிற்பவர் 'பம்பரம்', 'மாம்பழம்' என்று சொல்லும்போது இரண்டு உதடும் சேராமல் கீழுதடு மேற்பல்லில் பட்டு ஒலி மாறும். முன்னால் திறந்திருப்பவர் 'சரஸ்வதி' என்று சொல்லும்போது நாக்கு அந்த இடைவெளியில் நுழையும். இவை எலும்புக் குறையை உறுதிப்படுத்தும் துணைச் சான்றுகள். அண்ணப் பிளவு உள்ளவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு மேல்தாடையை முன்னால் கொண்டுவந்தால் மூக்கொலி கூடவும் வாய்ப்புண்டு. அறுவைக்கு முன்பே பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுவதை அவர்கள் தவிர்க்கக் கூடாது.

குறட்டைக்கும் தாடைக்கும் என்ன தொடர்பு?

கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால் அதோடு பிணைந்த நாக்கும் பின்தங்கும், தூக்கத்தில் தசைகள் தளரும்போது மூச்சுப்பாதை அடைபடும். உடல் பருத்தவருக்குத்தான் இந்தத் தொல்லை வரும் என்று நினைத்து, ஒல்லியானவர்களின் குறட்டையை வீட்டில் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஒல்லியான ஒருவர் பலத்த குறட்டை விட்டு, நடுவே மூச்சு நின்று, திணறி விழிக்கிறார் என்றால் முதலில் அவருடைய தாடையைத்தான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. பக்கத்தில் படுப்பவரின் சாட்சி இதில் மிக முக்கியம், அவரையும் அழைத்து வாருங்கள்.

ஆனால் குறட்டை என்ற சொல்லை வைத்து அறுவை முடிவு செய்யப்படுவதில்லை. ஸ்லீப் ஸ்டடி என்னும் தூக்கப் பரிசோதனையில், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை 10 விநாடிக்கு மேல் மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று எண்ணப்படும். பெரியவர்களுக்கு 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. முதலில் சிபாப் எனப்படும் காற்றழுத்தக் கருவியும், தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் வாய்க்கருவியும் முயன்று பார்க்கப்படும். அவற்றால் பயனில்லை என்று பதிவானால்தான் ஐந்தாம் படி. இரவில் லாரியோ பேருந்தோ ஓட்டுகிறவர்கள் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

தாடை மூட்டில் 'டக் டக்' என்று சத்தமும் வலியும் இருக்கிறது. அறுவை செய்தால் நிற்குமா?

மூட்டு வலிக்காக மட்டும் தாடைத் திருத்த அறுவை செய்வதில்லை. குறியீட்டிலும் இது முதற்படியே. ஒருவேளை சிலருக்குக் குறையலாம், சிலருக்குக் கூடவும் செய்யலாம்.

ஆனால் முன்பு சேர்ந்திருந்த முன்பற்கள் ஓரிரு ஆண்டுகளாக மெல்ல மெல்லத் திறந்துகொண்டு வருகின்றன என்று ஓர் இளம்பெண் சொன்னால், மூட்டின் எலும்பு கரைகிறதா என்று பார்த்தாக வேண்டும். கரைவது நின்றுவிட்டது என்று உறுதியாகாமல் அறுவை செய்தால் பலன் நிலைக்காது. அதேபோல் முகம் ஒரு பக்கமாக வளர்ந்துகொண்டே போனால், எலும்பு ஸ்கேன் எடுத்து அந்தப் பக்கத்து மூட்டு இன்னும் வளர்கிறதா என்று அறிகிறோம்.

என் பையனுக்கு வாய் முழுதாகத் திறப்பதில்லை, தாடையும் சிறிதாக இருக்கிறது. வளரட்டும் என்று காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். குழந்தை சிறு வயதில் திண்ணையிலிருந்தோ மரத்திலிருந்தோ மோவாய் அடிபட விழுந்ததுண்டா, காதில் சீழ் வடிந்ததுண்டா என்று முதலில் கேட்போம். மோவாயில் தையல் போட்டுக் காயம் ஆறியதும் எல்லாம் சரியாயிற்று என்று விட்டுவிடுகிறார்கள். காதுக்கு முன்னால் இருக்கும் மூட்டு உடைந்து, பிறகு எலும்போடு எலும்பு ஒட்டிக்கொள்வது வெளியே தெரிவதில்லை. அந்தப் பக்கத்துத் தாடையின் வளர்ச்சி அதோடு குன்றிவிடும். பெரியவர்களுக்கு வாய் ஏறக்குறைய 40 மி.மீ. திறக்க வேண்டும். தம் மூன்று விரல்களை நெட்டாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்பது வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனை, குழந்தைக்கு அதன் விரல்களாலேயே பார்க்க வேண்டும். ஒரு விரல்கூட நுழையாத குழந்தை தூக்கத்தில் மூச்சுத் திணறினால், வளர்ச்சி முடியும் வரை காத்திருக்க வேண்டும் என்ற பொது விதி அதற்குப் பொருந்தாது. மூட்டை விடுவிக்கும் சிகிச்சை முதலில், தாடையின் அளவைத் திருத்துவது அதன் பிறகு.

மற்றவர்களுக்கு எந்த வயதில் மதிப்பிடலாம்?

பெண்களுக்குப் பொதுவாக 16, 17 வயதிலும் ஆண்களுக்கு 18 முதல் 20 வயதிலும் முக வளர்ச்சி ஓய்கிறது. கீழ்த்தாடை நீண்டு வளரும் வகையினருக்கு மட்டும் அது இன்னும் தள்ளிப்போகலாம். வயதைவிட, ஆறு மாதமோ ஓராண்டோ இடைவெளி விட்டு எடுத்த இரண்டு பக்கவாட்டு எக்ஸ்ரேக்களில் மாற்றம் இல்லை என்பதே நம்பத்தக்க சான்று. பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீர்கள்.

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். முகத்துக்காகச் செய்யக் கூடாதா?

செய்யக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. செயல்பாட்டுக் குறியீட்டில் மன வருத்தத்துக்கு எண் கிடையாது. அதனால் அது இல்லை என்றாகிவிடாது. எள்ளலுக்கு ஆளாகி, புகைப்படத்துக்கு நிற்கவே மறுத்து, கல்லூரியைப் பாதியில் விட்ட பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களுடைய பாதிப்பைத் தனி வினாத்தாள் கொண்டும், தேவைப்பட்டால் மனநல மருத்துவரின் கருத்தைப் பெற்றும் பதிவு செய்கிறோம்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. சிகிச்சை வேண்டும் என்று அந்தப் பெண்ணே சொல்ல வேண்டும். அப்பா, அம்மா, அத்தை எல்லாரும் பேசி முடித்த பிறகு அவரைத் தனியாக அழைத்துக் கேட்கிறோம், அவர் சொல்லும் விடைதான் கோப்பில் ஏறும். கல்யாணத் தேதியை முன்வைத்து அவசரப்படுத்துவதை ஏற்க இயலாது: அறுவைக்கு முன் பெரும்பாலும் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரையும், பிறகு ஏறத்தாழ ஆறு மாதமும் கிளிப் போட வேண்டியிருக்கும். கண்ணுக்கே தெரியாத குறையைப் பெரிதாக நினைத்து ஊர் ஊராகச் சிகிச்சை தேடுகிறவர்களுக்கு அறுவை ஆறுதல் தருவதில்லை, அவர்களை மனநல ஆலோசனைக்கே அனுப்புகிறோம்.

காப்பீட்டில் பணம் கிடைக்குமா?

தனியார் மருத்துவக் காப்பீடுகளில், தோற்றத்தை மாற்றுவதற்கான சிகிச்சைக்குப் பணம் இல்லை என்ற விலக்கு உண்டு. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பும், உடல்நலத்துக்கு நேரடியாக உள்ள ஆபத்தை நீக்கும் மருத்துவ அவசியமும் அந்த விலக்கில் அடங்கா. ஆனால் அந்த அவசியத்தைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர் எழுத்தில் சான்றளிக்க வேண்டும். 'தாடை சரியில்லை' என்று ஒரு வரி எழுதிய கடிதம் திரும்பி வரும். எத்தனை மி.மீ., எந்தப் படி, என்ன சிரமம், தூக்கப் பரிசோதனையின் எண், முயன்று பார்த்த மற்றச் சிகிச்சைகள் என்று விவரமாக எழுதிய கடிதத்துக்கு மதிப்புண்டு. இல்லாத மூச்சடைப்பை எழுதித் தரும்படி கேட்காதீர்கள், எழுத மாட்டோம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. உங்களுக்குச் சொல்லப்பட்ட அறுவை அதன் பட்டியலில் உள்ளதா என்று, சிகிச்சை பெறும் மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு எப்படியும் போகிறவர்கள் அங்கேயே விசாரிக்கலாம்.

ஐந்தாம் படி என்று சொல்லிவிட்டீர்கள். கட்டாயம் செய்துதான் ஆக வேண்டுமா?

இல்லை. படி என்பது தேவையின் அளவைச் சொல்கிறது, சம்மதம் உங்களுடையது. கீழ்த்தாடையை அறுத்து நகர்த்தும்போது கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு அருகிலேயே ஓடுவதால், மரத்துப்போவது மிகவும் பொதுவானது. பெரும்பாலோருக்கு மாதங்களில் தெளியும், சிலருக்கு ஓரளவு நிலைத்துவிடும். முதல் சில வாரங்கள் கஞ்சி, கூழ், குழைத்த இடியாப்பமும் சொதியும் என்று மென்மையான உணவுதான். ஐம்பது வயதில், எவ்விதத் தொந்தரவும் இல்லாமல் 10 மி.மீ. எத்துப்பல்லோடு வாழ்கிறவர் வேண்டாம் என்றால் அது நியாயமான முடிவே. அண்ணத்தில் புண் வருகிறதா, மூச்சு அடைகிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும்.

மூன்றாம் படி என்றால் கதவு அடைபட்டதா?

அப்படியில்லை. சிரமம் பின்னாளில் தோன்றலாம், அப்போது மறுமதிப்பீடு செய்யப்படும். முதல் மதிப்பீட்டின் அளவுகள் எழுதிய தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் முறை வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

பழைய எக்ஸ்ரேக்கள், முன்பு கிளிப் போட்டிருந்தால் அதன் சீட்டுகள், பத்து வயது முதல் எடுத்த சில புகைப்படங்கள், உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்கள் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். புகையிலைப் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், எலும்பு ஆறுவதை அது கெடுக்கும். பல் சீரமைப்பு மருத்துவரும் தாடை அறுவை மருத்துவரும் ஒரே நாளில் சேர்ந்து பார்ப்பதால் அரை நாள் ஆகும். தென்காசி, திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் காலை வண்டியைப் பிடித்து வருவது நல்லது. சாப்பிட்டுவிட்டே வாருங்கள், வெறும் வயிற்றில் செய்யும் பரிசோதனை எதுவும் அன்று கிடையாது.